சிலேட்டுக்கல்லில் ஒரு செட்டை

பிளாரன்ஸ், 1934ஆம் ஆண்டு செப்டம்பர் எட்டாம் நாள், மாதா பிறந்த திருநாளன்று, தூத்துக்குடியில் பிறந்தார். தந்தை கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற தோணி ஒன்றின் தண்டல், அதாவது தலைவர். 1953இல் சிலுவை என்பவரை மணந்தார். சிலுவை, முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில் சிப்பி எடுக்கக் கடலில் மூழ்கினார். மற்ற நாள்களில், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து கரைக்குச் சரக்கைக் கொண்டுவரும் தோணியில் வேலை பார்த்தார். 1958 மார்ச் 17ஆம் நாள் இவர்களுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. பெண் ஒன்று, ஆண் ஒன்று. அதன்பின் குழந்தை இல்லை. 1961 முதல் பிளாரன்ஸ் துறைமுகத்தை அடுத்த கரிக்கிட்டங்கியில் கல் பொறுக்கும் வேலை செய்துவருகிறார். 1972 ஆகஸ்ட் மாதம் அவருக்கு ஒரு கல் கிடைத்தது. 1978 ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தக் கல்லில் இருப்பது இன்னது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அப்போது நான் உடனிருந்தேன்.

குழந்தைகள் பிறந்த நாளில் பெண்தான் முதலில் வந்தது. மூச்சு மெலிந்திருந்தது. மருத்துவச்சி காலம் தாழ்த்தாமல் அதன் தலையில் தண்ணீர் ஊற்றி, மரியாள் என்று பெயரிட்டு, ஞானஸ்நானம் கொடுத்தார். உயிர் போகும் நிலையில் உள்ள குழந்தைக்கு யாரும் அவ்வாறு கொடுக்கலாம் என்பது திருச்சபையின் வழக்கம். மரியாள் கால் மணி நேரம் இருந்தாள். பின்னால் வந்த ஆண் குழந்தைக்கு மூச்சே இல்லை; இறந்து பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. மருத்துவச்சி கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

ஞானஸ்நானம் பெற்று இறக்கும் பச்சிளங்குழந்தை நேரே சம்மனசு, அதாவது வானதூதர், ஆகிவிடும் என்பது இக்கரையோரக் கத்தோலிக்கரின் நம்பிக்கை. ஆகவே மரியாளுக்கு வெள்ளை உடுப்பு, தலையில் பூமுடி, கோயில் மணி, கல்லறைத் தோட்டத்தில் இடம், தலைமாட்டில் குருசு, அதாவது சிலுவைக் குறி, எல்லாம் கிடைத்தன. ஆண் குழந்தைக்குப் பெயர்கூட இல்லை. அதைச் சிலுவை ஒரு பனையோலைக் கடகத்தில் வைத்துத் துணியால் மூடி எடுத்துச் சென்று, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, உடைமரங்கள் நிற்கும் மணலில் புதைத்தார். அக்காலத்துச் சட்டம் அது. ஞானஸ்நானம் பெறாத குழந்தை சேரும் இடத்தை, கோயிலில் மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியார் ரோச் பிளாரன்ஸுக்கு விளக்கினார்.

“மோட்சமும் இல்ல, நரகமும் இல்லம்மா. இடையில ஒரு எடம். நோவு, பசி ஒண்ணும் கெடையாது. ஆண்டவர் முகத்தப் பாக்க முடியாது, அவ்வளவுதான்.”

“இருட்டா இருக்குமா?” என்று பிளாரன்ஸ் கேட்டார்.

உபதேசியார் பூசைக்கு மணி அடிக்க வேண்டும் என்று எழுந்து போனார். பதினான்கு ஆண்டுகள் பிளாரன்ஸின் மனத்தில் நின்றது அந்தக் கேள்விதான்.

கரிக்கிட்டங்கியின் வேலை எளிமையானது, கடுமையானது. வங்கத்துச் சுரங்கங்களிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரியோடு கல்லும் கலந்து வரும். பெண்கள் குவியலைச் சுற்றி அமர்ந்து கல்லைப் பிரிப்பார்கள். ஏடு ஏடாகப் பிரியக்கூடிய சாம்பல் நிறக் களிப்பாறையே அதில் மிகுதி. அதைச் சிலேட்டுக்கல் என்பார்கள். கல்லோடு கரி ஒட்டியிருந்தால் சிறு சுத்தியலால் தட்டிப் பிரிக்க வேண்டும். 1972 ஆகஸ்டில் பிளாரன்ஸ் அவ்வாறு தட்டிய ஒரு கல், உள்ளங்கை அகலத்தில் இரண்டு பலகைகளாகத் திறந்துகொண்டது. இரண்டின் உட்புறத்திலும், நடுவிரல் நீளத்தில், வலை பின்னியது போன்ற நரம்புகளோடு ஒரு சிறகு இருந்தது.

பக்கத்தில் வேலை செய்த சண்முகத்தாயை அவர் அழைத்தார். அன்று நடந்த பேச்சை, எல்லாம் வெளிப்பட்ட பின்னர், சண்முகத்தாயே எனக்கு இரு குரல்களிலும் பேசிக் காட்டினார்.

“ஏளா, இங்கன வா.”

“என்ன, தங்கமா கெடச்சிருக்கு?”

“செட்டை.”

“மீன் செட்டையா? கொழம்பு வைக்கவா?”

“வாயக் கழுவு. சம்மனசு செட்டைளா இது.”

“போளா! உங்க கோயில்ல நானும் பாத்திருக்கேன். சம்மனசுக்குக் கொக்கு மாதிரி இறகுல்லா இருக்கு. இது வெறும் தோலு மாதிரி கெடக்கு.”

“அது வளந்த சம்மனசு. பச்சப்பிள்ளைக்கு அதுக்குள்ள இறகு மொளைச்சிருமா? கோழிக்குஞ்சப் பாத்ததில்லையா நீ?”

சண்முகத்தாய் சிரித்துவிட்டார். பிளாரன்ஸ் சிரிக்கவில்லை. இரண்டு பலகைகளையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரே கல்லுக்குள்ள ரெண்டு இருக்கு, பாத்தியா?”

சண்முகத்தாய்க்குப் புரிந்தது. “அவனுக்குமா?” என்றார் மெதுவாக.

“அவனுக்கும்தான்.”

மாலையில் கங்காணி வாயிலில் மறித்து, “கரியத் திருடுதவளப் பாத்திருக்கேன், கல்லத் திருடுதவள இப்பத்தான் பாக்கேன்” என்று கேலி பேசி வழிவிட்டார்.

இரண்டு பலகைகளும் இரண்டு இடங்களுக்குச் சென்றன. ஒன்றை, மரியாளின் குருசுக்கு அடியில், சிறகு மேலே தெரியும்படி கணவர் சிலுவை சிமெண்டு வைத்துப் பதித்தார். மற்றதைச் சுவருக்கு வெளியே, மணலைத் தோண்டி, சிறகு கீழ்நோக்கி இருக்குமாறு வைத்து மூடினார். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்பது சிலுவையின் காரணம். செட்டை அவன் பக்கமாகவே இருக்கட்டும் என்பது பிளாரன்ஸின் காரணம். உள்ளே பதித்த கல்லைப் பற்றி உபதேசியார் கேட்டதில்லை; வெளியே இன்னொரு கல் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. அன்று முதல் பிளாரன்ஸ் இரண்டு பிள்ளைகளையும் சம்மனசுகள் என்றே தமக்குள் கணக்கில் வைத்தார். அதற்கு அவரிடமிருந்த சான்று அந்த இரண்டாவது சிறகு ஒன்றே.

1977இல் நான் நிலவியல் முதுகலை மாணவன். கடற்காற்றின் உப்பு கட்டடக் கற்களை எவ்வாறு அரிக்கிறது என்பது என் ஆய்வுப் பொருள். ஆண்டு பொறித்த கற்கள் ஒருங்கே கிடைக்கும் இடம் கல்லறைத் தோட்டம் என்பதால் அங்கு சென்று அளவெடுத்து வந்தேன். 1977 நவம்பர் இரண்டாம் நாள், இறந்தோரை நினைக்கும் கல்லறைத் திருநாள். ஊரே அங்கு திரண்டிருந்தது. கல்லறைகளைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் பகுதியில் ஒரு பெண், தேங்காய் நாரால் ஒரு கறுத்த கல்லைத் தேய்த்து முடித்து, அதன்மேல் தேங்காய் எண்ணெய் தடவினார். எண்ணெய் பட்டதும் கல்லிலிருந்து நரம்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

என் கையிலிருந்த அளவுநாடா கீழே விழுந்தது. மிகைக்காக இதைச் சொல்லவில்லை. அது அடுத்த கல்லறையின் மெழுகுவர்த்தியைச் சாய்த்து, அக்குடும்பத்தாரிடம் நான் ஏச்சு வாங்கினேன்.

அந்த அதிர்ச்சிக்குக் காரணம் உண்டு. எலும்பும் ஓடும் எளிதில் கல்லாகும். பூச்சியின் உடல் அவ்வாறன்று. நீரில் அழுகும், காற்றில் உதிரும், மற்றோர் உயிருக்கு இரையாகும். மிக நுண்ணிய சேறு, அசையாத நீர், விரைவில் வந்து மூடும் அடுத்த படிவு ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்தால்தான் ஒரு சிறகு தங்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளில் பறந்தவற்றுள் நம் கைக்கு வந்தவை எண்ணத்தக்க சிலவே. நான் அதுவரை அத்தகைய சிறகைப் புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். இப்போது அது ஒரு குழந்தையின் கல்லறையில், உருகிய மெழுகுக்கும் செவ்வந்திப் பூவுக்கும் நடுவே இருந்தது.

“இதன் மற்ற பாதி எங்கேம்மா?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டிய முதற் கேள்வி அதுவன்று.

பிளாரன்ஸின் முகம் இறுகிவிட்டது. “எந்தப் பாதி? இது ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் அவர்கள் வீட்டுக்கு நான் பலமுறை சென்றேன். மேலே சொன்னவற்றில், சுவருக்கு வெளியே உள்ள இரண்டாவது கல்லைப் பற்றிய செய்திகள் நீங்கலாக, மற்றவற்றை அங்கேதான் கேட்டேன். என் பேராசிரியர் காசிலிங்கம் வந்து பார்ப்பதற்குப் பொங்கல் கழிந்த பின்னரே பிளாரன்ஸ் இசைந்தார். “பாத்துட்டு, என்னன்னு சொல்லட்டும். எடுத்துட்டுப் போறேன்னு மட்டும் சொல்லப்படாது” என்பது அவர் விதித்த நிபந்தனை.

ஜனவரி 22ஆம் நாள், பூசை முடிந்த வேளை. பிளாரன்ஸ், சிலுவை, துணைக்கு வந்த சண்முகத்தாய், சாவியோடு வந்த உபதேசியார் ரோச் ஆகியோர் நின்றிருந்தனர். காசிலிங்கம் உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டு ஊர்க்காரர். வகுப்பில் தூய தமிழும் வெளியே ஊர்த் தமிழும் பேசுவார். கல்லறையின் முன் மண்டியிட்டு, உருப்பெருக்கும் கைவில்லையைக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“இது ஒரு பூச்சியோட செட்டைம்மா” என்றார்.

“பூச்சியா!” என்று சண்முகத்தாய் கத்திவிட்டார். “ஐயோ, பிள்ள நெஞ்சு மேல கரப்பாம்பூச்சியவா வச்சிருக்கோம்?”

“கரப்பான் இல்ல தாயி. செடியில சாறு உறிஞ்சுத ஒரு வகை. இருபத்தஞ்சு கோடி வருசம் ஆச்சு. அந்த வகைக்கு இப்ப வம்சமே கெடையாது. ஒரு பேரழிவு வந்து பூண்டோட போயிட்டு.”

‘வம்சமே கிடையாது’ என்ற சொல் விழுந்தபோது சிலுவை மனைவியைப் பார்த்தார். பிளாரன்ஸ் பேராசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொக்கு, காக்காயெல்லாம் அப்ப இருந்துச்சா சார்?”

“எதுவும் இல்ல. பறவை இல்ல, வவ்வால் இல்ல, பூகூட கெடையாது. பூமியில மொதமொத பறந்தது பூச்சிதான். வானம் முழுசும் இதுகளுக்கு மட்டுந்தான் இருந்துச்சு.”

உபதேசியார் தொண்டையைச் செருமினார். “சம்மனசுகள் அதுக்கும் முந்தி இருந்தாவ.”

“அப்ப அவியட்ட கேட்டுச் சொல்லும், இந்தப் பூச்சி பேரு என்னன்னு” என்றார் சண்முகத்தாய்.

பிளாரன்ஸ் இருவரையும் கையமர்த்தினார். பேராசிரியர் மீண்டும் குனிந்தார். வில்லையை நகர்த்தினார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி சற்றே குறைவதை நான் கண்டேன்.

“செட்டை இதுல இல்லம்மா.”

“என்ன சார் சொல்லுதீய? கண்ணு முன்னால தெரியுதே!”

“இது அச்சு. ஈரமண்ணுல கால் பதியும். கால் போயிரும், தடம் நிக்கும். இது தடம். கல்லு ரெண்டாப் பிளக்கும்போது செட்டை ஒரு பாதியிலதான் ஒட்டும். அது மத்த பாதியோட போயிருக்கு.”

“வருசந்தோறும் நாரு போட்டுத் தேச்சேனே... நான் தேச்சுத்தான் போயிட்டா?”

பேராசிரியர் அவர் அனுமதியோடு, சிறகின் நுனியை மூடியிருந்த சிமெண்டு விளிம்பைச் சிற்றுளியால் கொஞ்சம் பெயர்த்தார். நாரும் எண்ணெயும் என்றுமே தொடாத இடம் அது. அங்கும் பள்ளம் மட்டுமே இருந்தது. “இல்லம்மா. நீங்க தேய்க்கல. இதுல மொதல்ல இருந்தே இல்ல.”

பிளாரன்ஸ் அந்தப் பள்ளத்தை விரலால் தடவினார். பின்னர் கணவரைப் பார்த்துக்கொண்டே பேராசிரியரிடம் கேட்டார்: “முத்துச்சிப்பியப் பொளந்தா சதை ஒரு ஓட்டுல ஒட்டிக்கிடும். மத்தது வெறும் ஓடு. அப்படியா?”

“அதேதாம்மா.”

“அப்ப ரெண்டு செட்டை இல்ல. ஒண்ணுதான்.”

“ஒண்ணுதான்.”

“அப்ப இது வெறும் ஓடு.”

அவர் மதிற்சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்லறையில் சிறகு இல்லை என்ற வருத்தம் என்று நான் நினைத்தேன். சண்முகத்தாய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்; சிலுவை, “வேண்டாம், விடு” என்றார். எதை விடச் சொல்கிறார் என்பது எனக்கும் பேராசிரியருக்கும் உபதேசியாருக்கும் விளங்கவில்லை.

“மத்ததுல கட்டாயம் இருக்குமா சார்?”

“கட்டாயம்னு சொல்ல முடியாது. பொளக்கும்போதே உதுந்து போயிருக்கலாம். இல்ல, மழையில, வெயில்ல...”

“வாங்க” என்றார் பிளாரன்ஸ்.

வாயிலைக் கடந்து, சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு நடந்தார். உடைமரத்து முள் கிடந்த மணல்மேட்டில் ஆடுகள் நின்றன. அங்கு குருசுமில்லை, அடையாளமுமில்லை. ஆயினும் கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் நின்றார்கள். அப்போதுதான், ஐந்தாறு வாக்கியங்களில், வெளிக்கல்லின் செய்தியைப் பிளாரன்ஸ் சொன்னார். உபதேசியார் ரோச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

சிலுவை மணலைக் கையால் அள்ளினார். பலகை தென்பட்டது. சிறகு கீழ்நோக்கி, வைத்தது வைத்தபடி இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

“நீங்க திருப்புங்க சார்” என்றார் பிளாரன்ஸ். உடனே மாற்றிக்கொண்டு கணவரிடம், “வேண்டாம். நீங்களே திருப்புங்க. நீங்கதான வச்சீய” என்றார்.

சிலுவை திருப்பினார்.

பள்ளமன்று, படிந்திருந்த சிறகு. கருந்தேன் நிறத்தில், அரக்குப் பூசியது போன்ற பளபளப்போடு, அடி முதல் நுனி வரை முழுமையாக இருந்தது. நரம்புகளின் இடையே கரும்பட்டையும் வெளிர்பட்டையும் மாறி மாறி ஓடின. வடிவம் கல்லில் தங்கும் என்று படித்திருந்தேன். இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு பூச்சியின் சிறகில் வரியும் தங்கும் என்பதை நான் கண்டது அன்றுதான். பேராசிரியர் வேட்டி, முள் எதையும் பாராமல் மணலில் உட்கார்ந்துவிட்டார். முப்பது ஆண்டு பாடம் நடத்திய அவர் கைவில்லையைக்கூட எடுக்க மறந்து குனிந்து பார்த்தார்.

“இருக்கா சார்?”

அவர் தலையசைத்தார்.

“வாயால சொல்லுங்க. உபதேசியாருக்குக் கேக்கணும்.”

“இருக்கும்மா. செட்டை இதுலதான் இருக்கு. இதுல மட்டுந்தான்.”

பிளாரன்ஸ் அழவில்லை. அடிபட்டவர்போல் ஒருமுறை பின்னோக்கி நகர்ந்து, சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மணலைப் பார்த்தார். “ஒதுக்குன எடத்துல...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

உபதேசியாருக்கு எழுபது வயது கடந்திருந்தது. “அது அந்தக் காலத்துச் சட்டம், பிளாரன்சு. இப்ப சாமிமாரு அப்படிச் சொல்லுததில்ல. அதோட, இது பூச்சி செட்டைதானம்மா. சார் சொன்னாருல்லா” என்றார். அவர் குரலில் கடுமை இல்லை, கெஞ்சல் இருந்தது.

“பூச்சியோ எதுவோ. சார், இது பறந்துச்சா?”

“பறந்துச்சும்மா.”

“அப்ப பறக்கட்டும்.”

பேராசிரியர் எழுந்து, பிளாரன்ஸ் விதித்த நிபந்தனையை மீறிக் கேட்டார். இரண்டு பாதிகளும் வேண்டும் என்றார். இதுபோன்ற ஒன்று இந்நாட்டில் கிடைப்பது எவ்வளவு அரிது என்று விளக்கினார். புதிய கல்லறைக் கல் தாமே செய்து தருவதாகச் சொன்னார். பிளாரன்ஸ் கடைசிவரை கேட்டார்.

“உள்ள இருக்கத எடுத்துக்கிடுங்க சார். அவளுக்குத் தண்ணி இருக்கு, பேரு இருக்கு, மேல குருசு இருக்கு. அது ஓடுதான, போகட்டும். இது இவனோடது.”

“அச்ச மட்டும் வச்சு நான் என்ன செய்ய முடியும்? வரியும் நெறமும் இதுலதான் இருக்கு. இது இல்லாம இந்தப் பூச்சிக்குப் பேர் வைக்க முடியாதும்மா.”

“இவனுக்கும்தான் பேரு இல்ல.”

பேராசிரியர் சிற்றுளியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டதற்குப் பிளாரன்ஸ் வேண்டாம் என்றார். சிலுவை பலகையை, சிறகு கீழ்நோக்க, பழைய இடத்திலேயே வைத்து மணலை இழுத்து மூடினார். உபதேசியார் ரோச் அங்கிருந்து கடைசியாகத்தான் வந்தார். வந்து வாயிலைப் பூட்டினார்.

உள்கல்லை மறுநாள் சிலுவையே பெயர்த்துத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அது இப்போது எங்கள் துறையின் காட்சிப் பேழையில் உள்ளது. அதன் அட்டையை நான் எழுதினேன்.

பொருள்: பூச்சிச் சிறகின் அச்சு. காலம்: பெர்மியன். கிடைத்த சுரங்கம்: தெரியவில்லை; நிலக்கரியோடு கப்பலில் வந்தது. இனப்பெயர்: இல்லை. அளித்தவர்: திருமதி பிளாரன்ஸ் சிலுவை, தூத்துக்குடி. எண்ணிக்கை: 1.